ஒரே தெரு, இரண்டு நிறங்கள்: ஸ்காபரோத் தமிழர் வாக்கின் போக்கு

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது ஸ்காபரோ - ரூஜ் பார்க் தொகுதி. கனடாவில் தமிழர் செறிந்து வாழும் தொகுதிகளுள் இது முதன்மையானது. 2015, 2019, 2021 ஆகிய மூன்று கூட்டாட்சித் தேர்தல்களிலும் இத்தொகுதி மக்கள் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரியை ஒட்டாவாவுக்கு அனுப்பினர். அதே மக்கள், அதே எல்லைகளைக் கொண்ட மாகாணத் தொகுதியில், 2018, 2022, 2025 ஆகிய மூன்று தேர்தல்களிலும் முற்போக்கு கொன்சவேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலத்தைக் குயீன்ஸ் பார்க்குக்கு அனுப்பினர். ஒரே தெரு, ஒரே வீடுகள். ஆயினும் ஒட்டாவாவுக்குச் சிவப்பு, குயீன்ஸ் பார்க்குக்கு நீலம்.

இது ஒரு தொகுதியோடு நின்றுவிடவில்லை. 2015 முதல் 2021 வரை நடைபெற்ற மூன்று கூட்டாட்சித் தேர்தல்களிலும் ஸ்காபரோவின் ஆறு தொகுதிகளும் லிபரல் கட்சியின் வசமாகின. ஆனால் 2018 மாகாணத் தேர்தலில் அதே ஆறில் நான்கு நீலமாயின. ஒன்றை லிபரல் கட்சியும் மற்றொன்றைப் புதிய சனநாயகக் கட்சியும் பெற்றன. 2022இலும் 2025இலும் அதே கணக்கே தொடர்ந்தது.

தமிழர் வாக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலின்போதும் தமிழ் வானொலிகளிலும் பத்திரிகைகளிலும் எழுகிறது. யாருக்கும் சொந்தமில்லை என்பதே மேற்கண்ட முடிவுகள் தரும் விடை. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, இதனால் சமூகம் ஈட்டியது என்ன, இழப்பது என்ன என்பதைப் பெற்றோரும் இளையோரும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது காலத்தின் தேவையாகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

வாக்குச்சீட்டு இரகசியமானது. அதில் மொழியோ இனமோ பதியப்படுவதில்லை. தேர்தல் திணைக்களம் ஒவ்வொரு வாக்களிப்புப் பிரிவின் முடிவையும் தனித்தனியே வெளியிடுகிறது. ஆனால் ஒரு பிரிவில் தமிழரோடு பிலிப்பினோ, கரிபியன், தென்னாசிய, ஐரோப்பியக் குடும்பங்களும் கலந்தே வாழ்கின்றன. எனவே தமிழரில் இத்தனை விழுக்காட்டினர் இக்கட்சிக்கு வாக்களித்தனர் என்று எவரேனும் அடித்துக் கூறினால், அது கணக்கன்று, ஊகம். முடிவுகளிலிருந்து தொகுதிகளின் போக்கை அறியலாம். தமிழரின் போக்கு அதற்குள் ஒரு பெரும் பங்காக இருக்கிறது என்பதற்கு மேல் உறுதியாகக் கூறுவதற்கில்லை.

இரண்டாவதாக, ஒட்டாவாவுக்கு ஒரு நிறமும் ரொறன்ரோவிலுள்ள மாகாண ஆட்சிக்கு இன்னொரு நிறமும் என்பது தமிழர் கண்டுபிடித்த வழக்கமன்று. 1943 முதல் 1985 வரை தொடர்ச்சியாக 42 ஆண்டுகள் ஒன்ராறியோவை ஆண்டது முற்போக்கு கொன்சவேட்டிவ் கட்சி. அக்காலத்தின் பெரும்பகுதியில் ஒட்டாவாவில் மக்கன்சி கிங், லூயி சென் லோறன், லெஸ்ரர் பியர்சன், பியர் ட்ரூடோ எனப் பெரும்பாலும் லிபரல் பிரதமர்களே ஆட்சி செய்தனர். இரண்டு அரசுகளும் இரண்டு வேறு பணிகளைச் செய்கின்றன. குடிவரவு, வெளியுறவு, பாதுகாப்பு ஆகியன ஒட்டாவாவின் பொறுப்பு. பாடசாலை, மருத்துவமனை, மின்கட்டணம், நெடுஞ்சாலை ஆகியன மாகாணத்தின் பொறுப்பு. கேள்வி மாறும்போது விடையும் மாறுவது இயல்பு.

மாறாத தொகுதியும் மாறும் தொகுதியும்

இதை விளங்கிக்கொள்ள நகரத்துக்கு வெளியேயும் பார்க்கவேண்டும். ஒட்டாவா ஆற்றங்கரையிலுள்ள ரென்ஃப்ரூ, ஒன்ராறியோவின் பரந்த கிராமப்புற மாவட்டங்களுள் ஒன்று. 2000ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் தேர்தலில் ஒன்ராறியோவின் 103 தொகுதிகளில் 100ஐ லிபரல் கட்சி வென்றது. வலதுசாரிக் கனடியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று ரென்ஃப்ரூ. அன்று அங்கு வெற்றிபெற்ற ஷெரில் கலண்ட், 2025 வரையான ஒவ்வொரு கூட்டாட்சித் தேர்தலிலும் தொடர்ந்து வென்றார். அங்கே யார் வெல்வார் என்ற ஐயம் எந்தத் தேர்தலிலும் பெரிதாக எழுந்ததில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஹவார்ட் மாவட்டம். பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் உழவு நிலப்பகுதி அது. 2012இல் பராக் ஒபாமாவுக்கு ஏறத்தாழ 20 விழுக்காட்டு முன்னிலையைக் கொடுத்த அம்மக்கள், நான்கே ஆண்டுகளில், 2016இல், டொனால்ட் ட்ரம்புக்கும் ஏறத்தாழ அதே அளவு முன்னிலையைக் கொடுத்தனர். அந்த நான்கு ஆண்டுகளில் அங்கே மக்கள் மாறிவிடவில்லை. தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற எண்ணமே அங்கு வலுத்திருந்தது. அதன் பின்னர் அமெரிக்கச் செய்தியாளர் பலர் அச்சிறு மாவட்டத்துக்குத் தேடிச் சென்றனர்.

ரென்ஃப்ரூவின் வாக்கு நம்பகமானது. ஆகவே எதிர்க்கட்சி அதைத் தேடிச் செல்வதில்லை. வெல்லும் கட்சியும் அதை வெல்வதற்காகப் பெரிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஹவார்டின் வாக்கு மாறக்கூடியது. ஆகவே எல்லோரும் தேடி வருகின்றனர். ஒரு காலத்தில் ஸ்காபரோவும் ரென்ஃப்ரூ போன்றே இருந்தது. நிறம் மட்டுமே வேறு. 1993, 1997, 2000 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஸ்காபரோ முழுவதும் சிவப்பாகவே இருந்தது. தமிழர் பலர் குடியுரிமை பெற்று முதன்முறை வாக்களித்த காலமும் அதுவே.

நன்றிக்கடனும் அதன் எல்லையும்

புலம்பெயர்ந்த முதல் தலைமுறையின் வாக்கு லிபரல் கட்சிக்கு உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குடிவரவுக்குக் கதவு திறந்த கட்சி, பல்பண்பாட்டுக் கொள்கையை 1971இல் அறிவித்த கட்சி என்ற நன்றியுணர்வே அதற்கு அடிப்படை. ஆயினும் வரலாறு சற்றுச் சிக்கலானது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டபோது, அவர்களை நாட்டில் தங்க அனுமதித்தது பிரயன் மல்றோனியின் பழமைவாத அரசு. 1983இன் பின்னர் கனடா வந்தடைந்த தமிழரில் மிகப் பலர் அந்த அரசின் காலத்திலேயே வந்தனர். நன்றிக்கடன் என்று கணக்குப் பார்த்தால் அது இரு கட்சிகளுக்கும் உரியது.

2006 ஏப்ரலில் ஸ்ரீபன் ஹார்ப்பரின் கொன்சவேட்டிவ் அரசு விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. 2009 மே 10ஆம் திகதி, வன்னியில் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஆயிரக்கணக்கான தமிழர் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் இறங்கினர். அன்று கனடிய நாடாளுமன்றத்தில் ஈழத்தமிழர் ஒருவர்கூட இல்லை. 2010 ஓகஸ்டில் 492 தமிழருடன் சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தபோது, அவர்கள் அகதிகளாக அன்றி அச்சுறுத்தலாகவே அரசினால் சித்திரிக்கப்பட்டனர்.

அந்த வலியின் விளைவு 2011 மே 2ஆம் திகதி வெளிப்பட்டது. ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியில், நெடுங்காலச் சிவப்பை உடைத்துப் புதிய சனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்றார். கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் அவரே. அதே தேர்தலில் ஸ்காபரோ தென்மேற்குத் தொகுதியும் செம்மஞ்சள் நிறமாயிற்று. ஸ்காபரோ மையம் நீலமாயிற்று. ஒரே நிறத்தில் இருந்த ஸ்காபரோ, ஒரே இரவில் மூன்று நிறங்களாயிற்று.

2015இல் அது மீண்டும் முழுச் சிவப்பாயிற்று. ஆனால் ஒருமுறை அசைந்த வாக்கு மீண்டும் அசையக்கூடும் என்பதை எல்லாக் கட்சிகளும் கண்டுகொண்டன. 2016 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஸ்காபரோ - ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தல் அதற்குச் சான்று. லிபரல் கட்சியும் புதிய சனநாயகக் கட்சியும் தமிழ் வேட்பாளரையே நிறுத்தின. வெற்றிபெற்றவர் முற்போக்கு கொன்சவேட்டிவ் கட்சியின் றேமண்ட் சோ. இரு தமிழ் வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் வெற்றிபெற்றவரின் வாக்குகளைவிட அதிகம். அந்தப் பரப்புரையின்போது பாடசாலைகளில் பாலியல் கல்விப் பாடத்திட்டம் குறித்த கடிதமொன்று பெருஞ்சர்ச்சையாயிற்று. கட்சித் தலைவர் பற்றிக் பிரவுணின் பெயரில் வேறு மொழிகளில் வீடுகளுக்கு ஏதேனும் வந்தால் அதன் பொருள் என்ன என்று பெற்றோர் கேட்டறிய வேண்டிய காலம் அது. கடிதம் வாக்களித்ததைத் தலைவரே பின்னர் மறுத்துரைத்தார்.

2018இல் மாகாணம் முழுவதும் வீசிய மாற்றத்தின் காற்றில், ஸ்காபரோ - ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும் மார்க்கம் - தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் நீலக் கட்சியின் சார்பில் வென்றனர். முன்னவரின் வெற்றி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளாலேயே அமைந்தது. சிறுதொழில் நடத்துவோரின் வரிச்சுமை, மின்கட்டணம், குழந்தைகளின் பாடத்திட்டம், பதினைந்து ஆண்டு லிபரல் ஆட்சியின் மீதான சலிப்பு என அதற்குக் காரணங்கள் பல. தாயகப் பிரச்சினை அவற்றுள் முதன்மையானதாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அசையும் வாக்கு ஈட்டித் தந்தவை

தமிழர் ஒரே கட்சியின் பின்னால் அணிதிரளாமை ஒற்றுமைக் குறைவு என்று மூத்தோர் சிலர் கவலைப்படுவதுண்டு. கடந்த ஆண்டுகளின் பதிவு அதற்கு மாறாக இருக்கிறது.

2013இல் கொழும்பில் நடைபெற்ற பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் மாநாட்டைப் புறக்கணித்தவர், தமிழர் எதிர்த்து வாக்களித்த அதே ஸ்ரீபன் ஹார்ப்பர். 2016 ஒக்ரோபரில் சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கூட்டாட்சி நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது ஆட்சியில் இருந்தது லிபரல் கட்சி. 2021 மே மாதம் ஒன்ராறியோச் சட்டமன்றம் தமிழினப் படுகொலைக் கல்வி வாரச் சட்டத்தை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் விஜய் தணிகாசலம். ஆட்சியில் இருந்தது நீலக் கட்சி. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கு நீதிமன்றப் படிகள் ஒவ்வொன்றிலும் தோற்று, 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததோடு முடிவுற்றது. 2022 மே 18ஆம் நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானம் ஒட்டாவாவில் ஏகமனதாக நிறைவேறியது. 2023 சனவரியில் மகிந்த, கோட்டாபய ராசபக்ச சகோதரர் மீது கனடா தடைகளை விதித்தது. 2025 மே மாதம் பிரம்ரன் நகரின் சிங்கூசி பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டது.

இவற்றுள் எதுவும் ஒரு கட்சியின் தனிச்சொத்தன்று. எந்தக் கட்சியும் தமிழ் வாக்கைக் கைக்குள் இருப்பதாகக் கருத முடியாத நிலையிலேயே எல்லாக் கட்சிகளும் செவிசாய்த்தன. இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுண்டு. தாயக நினைவேந்தலில் எல்லாக் கட்சிகளும் ஏறத்தாழ ஒரே நிலைப்பாட்டுக்கு வந்துவிட்டபின், அந்த ஓர் அளவுகோலைக் கொண்டு மட்டும் வேட்பாளரை அளப்பது பயன்தராது. மே 18இல் மேடையேறி மெழுகுவர்த்தி ஏற்றாத அரசியல்வாதி இன்று ஸ்காபரோவில் அரிது. அடுத்த நாள் காலையில் அவர் எதற்கு வாக்களிக்கிறார் என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

இழந்துகொண்டிருப்பவை

கேட்கப்படாத கேள்விகளின் விலையை ஸ்காபரோ மக்கள் நாள்தோறும் பேருந்து நிறுத்தங்களில் செலுத்துகின்றனர். 1985இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ இலகு தொடருந்துப் பாதை, தன் ஆயுட்காலம் முடிந்த பின்னரும் இழுத்தடிக்கப்பட்டு, 2023 யூலை 24ஆம் திகதி ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்கு மாற்றுத் திட்டம் இல்லாமற் போகவில்லை. திட்டங்கள் மிகுதியாகவே இருந்தன. 2007இல் நகரபிதா டேவிட் மில்லர் இலகு தொடருந்து வலையமைப்பை அறிவித்தார். 2010 டிசெம்பரில் பதவியேற்ற றொப் ஃபோர்ட் அதை நிறுத்தினார். 2013இல் நகரசபை மூன்று நிலையச் சுரங்கப் பாதைக்கு மாறியது. 2016இல் அது ஒரு நிலையமாகச் சுருங்கியது. 2019இல் மாகாண அரசு மீண்டும் மூன்று நிலையம் என்றது. பதினாறு ஆண்டுகளாகத் திட்டங்கள் மாறிமாறி வந்தன. பழைய பாதை மூடப்பட்ட நாளில் புதிய பாதை கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. தாதியராகவும் தொழிற்சாலை ஊழியராகவும் அதிகாலையில் புறப்படும் பெற்றோரும், பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளைகளும் பேருந்துகளில் நெரிபட்டனர்.

இந்த முடிவுகளில் பெரும்பாலானவை நகரசபையில் எடுக்கப்பட்டவை. அங்கேதான் தமிழ் வாக்கு மிக மெலிந்திருக்கிறது என்று அஞ்ச வேண்டியுள்ளது. 2025 ஏப்ரல் கூட்டாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர் வாக்களித்தனர். 2022 ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர். அம்மாகாணத்தின் வரலாற்றிலேயே அதுவரை காணாத தாழ்வு அது. அதே ஆண்டு ஒக்ரோபரில் நடைபெற்ற ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில் 30 விழுக்காட்டினர்கூட வாக்களிக்கவில்லை. வீட்டு வாசலுக்கு நெருங்கிய அரசு எதுவோ, அதற்கே மிகக் குறைந்த வாக்கு.

சிலநூறு வாக்குகளின் பெறுமதியை ஸ்காபரோ அறியும். 2018இல் மாகாண அரசு, தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே, ரொறன்ரோவின் 47 வட்டாரங்களை 25ஆகக் குறைத்தது. ஸ்காபரோவுக்கு எஞ்சியவை ஆறு. புதிய ஸ்காபரோ - ரூஜ் பார்க் வட்டாரத்தில், பதவியில் இருந்த நீதன் சாண் 200க்கும் குறைவான வாக்குகளால் தோற்றார். ஏழு ஆண்டுகளின் பின், 2025 செப்ரெம்பர் இடைத்தேர்தலிலேயே அவர் அந்த வட்டாரத்தில் வெல்ல முடிந்தது. இரண்டு தெருக்களின் வாக்கு ஒரு பிரதிநிதியைத் தீர்மானித்தது.

தமிழர் வாக்களிக்க மாட்டாதவர் என்று எவரும் கூறிவிட முடியாது. 2009 டிசெம்பர் 19ஆம் திகதி, கனடாவில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் மீதான வாக்கெடுப்பு நடைபெற்றபோது 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர், மார்கழிக் குளிரில் வரிசையில் நின்று வாக்களித்தனர். எந்த அரசும் ஏற்கக் கடமைப்படாத வாக்கெடுப்பு அது. சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட வாக்குச்சீட்டு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு அருகிலேயே காத்திருக்கும்போது அந்த வரிசை ஏன் குறுகிவிடுகிறது என்பது ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று.

தாயகம் தரும் பாடங்கள்

போடப்படாத வாக்கும் ஒரு முடிவைத் தருகிறது. 2005 நவம்பர் 17ஆம் திகதி இலங்கை சனாதிபதித் தேர்தலில், புறக்கணிப்பு அறைகூவலின் பின்னணியில், ஏறத்தாழ ஏழு இலட்சம் வாக்காளரைக் கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் சுமார் ஒரு விழுக்காட்டினரே. நாடளாவிய நிலையில் மகிந்த ராசபக்ச வென்றது ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால். வேறு முடிவு வந்திருந்தால் வரலாறு எவ்வாறு நகர்ந்திருக்கும் என்பதை எவராலும் கூறமுடியாது. ஆனால் அன்று எண்ணப்படாத வாக்குகள் அந்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியவை என்பது வெறும் கணக்கு.

இரண்டாவது பாடம் அண்மைக்காலத்தது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், தெற்கை அடித்தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றபோது, புலம்பெயர் மண்ணில் பலர் அதிர்ச்சியடைந்தனர். சிலர் யாழ்ப்பாண மக்களைச் சாடவும் செய்தனர். அடுத்த ஆண்டு மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் முன்னிலை பெற்றன. தம் கட்சிகள் மீதான சலிப்பை ஒரு தேர்தலிலும், தம் மண்ணின் ஆட்சி தம் கையில் இருக்கவேண்டும் என்ற விருப்பத்தை மறு தேர்தலிலும் அம்மக்கள் பதிவுசெய்தனர். ஸ்காபரோத் தெருவில் ஒட்டாவாவுக்கு ஒரு நிறமும் குயீன்ஸ் பார்க்குக்கு இன்னொரு நிறமும் தெரிவுசெய்யும் தமிழருக்கு, யாழ்ப்பாணத்துத் தமிழரின் அந்தத் தெரிவு விளங்காமற் போகக்கூடாது.

ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை

வாக்கின் நிறம் தெருவுக்குத் தெரு மட்டுமன்றி, ஒரே வீட்டுக்குள்ளும் மாறுபடத் தொடங்கிவிட்டது. வீட்டில் நான்கு வாக்கு இருந்தால் நான்கும் அப்பா சொல்லும் பக்கமே விழும் என்று கட்சித் தொண்டர்கள் கணக்கிட்ட காலம் மறைந்து வருகிறது. பெற்றோருக்கு வீட்டு வரியும், வட்டி வீதமும், பாடத்திட்டமும், தாயக நினைவும் முதன்மையானவை. இளையோருக்கு வாடகையும், கல்விக்கடனும், போக்குவரத்தும், காலநிலையும் முதன்மையானவை. 2019 சனவரியில் மாகாண அரசு கல்விக் கட்டணத்தைப் பத்து விழுக்காடு குறைத்த அதே அறிவிப்பில், குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த இலவசக் கல்விக்கான உதவியையும் நிறுத்தியது. நீலக் கட்சிக்கு வாக்களித்த பெற்றோர் சிலரின் பிள்ளைகளே அதன் சுமையையும் ஏற்றனர். இதைக் குற்றச்சாட்டாக அன்றி, உணவு மேசையில் பேசப்படவேண்டிய செய்தியாகக் கொள்ளவேண்டும்.

பிள்ளை தன்னிலிருந்து வேறாக வாக்களித்தால் அது அவமரியாதையன்று. அவ்வாறே, பெற்றோரின் வாக்கில் தாயகத்தின் காயம் ஒட்டியிருப்பதும் பழமைவாதமன்று. 1983ஐக் கண்ட கண்களுக்கு அரசியல் என்பது முதலில் உயிர்ப் பாதுகாப்பு. மல்வேர்ன் சந்தியில் வளர்ந்த பிள்ளைக்கு அரசியல் என்பது பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்பது. இரண்டையும் கேட்கும் வேட்பாளரே இரு தலைமுறைக்கும் உரியவர்.

தமிழ்ப் பெயர் போதுமா?

தமிழர் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களிக்கலாமா என்ற கேள்விக்கு 2009இல் ஒரு விடை இருந்தது. அவையில் ஒரு குரல்கூட இல்லாத நிலையில் ஒரு பெயராவது உள்ளே செல்லவேண்டும் என்பது நியாயமான வேட்கை. 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்கும், 2010இல் யுவனிற்றா நாதன் யோர்க் பிரதேசக் கல்விச் சபைக்கும் தெரிவானபோது திறந்த கதவு சிறிது. 2025இல் ஹரி ஆனந்தசங்கரி கூட்டாட்சியின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அதே ஆண்டு யுவனிற்றா நாதன் பிக்கறிங் - புரூக்ளின் தொகுதியிலிருந்து ஒட்டாவா சென்றார். எல்லாக் கட்சிகளிலும் தமிழ்ப் பெயர்கள் இருக்கும் காலத்தில் பெயர் ஓர் அறிமுகமே. அது கொள்கைக்கு ஈடாகாது. தமிழ் வேட்பாளரிடம் மற்றவரைவிடக் குறைவாகவன்று, கூடுதலாகவே கேட்கும் உரிமை தமிழ் வாக்காளருக்கு உண்டு.

அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் வாக்களிப்பு நிலையத்துக்கு வெகு முன்னரே இருக்கிறது. வெல்லக்கூடிய தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைச் சில நூறு உறுப்பினர்களே முடிவுசெய்துவிடுவதுண்டு. பெரிய கட்சிகளில் 14 வயது நிரம்பியோர் உறுப்பினராகலாம். குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளரும் சேரலாம். தேர்தலில் வாக்களிக்க இயலாத பத்தாம் வகுப்பு மாணவி, தன் தொகுதி வேட்பாளரைத் தெரிவுசெய்வதில் பங்குகொள்ள இயலும். யாரோ ஒருவர் கேட்டார் என்பதற்காக உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் வேட்பாளர் பெயரையே மறந்துவிடும் வழக்கம் இந்த உரிமையை மலிவாக்குகிறது.

கல்விச் சபைகளின் நிலையும் கவனத்துக்குரியது. 2025 யூனில் மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையை மேற்பார்வையாளர் ஒருவரின் பொறுப்பில் கொண்டுவந்தது. மக்கள் தெரிவுசெய்த உறுப்பினரின் அதிகாரம் அதனால் முடங்கியது. அது சரியா தவறா என்பதில் கருத்துவேறுபாடு இருக்கலாம். ஆனால் பெரும்பாலானோர் பெயரறியாமலே தெரிவுசெய்த ஒரு பதவி பறிக்கப்படும்போது, அதற்காகக் குரல்கொடுப்போரும் சிலரே இருப்பர்.

செய்யத்தக்கவை

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நகரசபை உறுப்பினர், கல்விச் சபை உறுப்பினர், மாகாண உறுப்பினர், கூட்டாட்சி உறுப்பினர் ஆகிய நால்வரின் பெயரையும் அறிந்திருப்பது முதற்படி. 14 முதல் 17 வயது வரையான கனடியக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளை வருங்கால வாக்காளர் பதிவேட்டில் சேர்ப்பது இரண்டாவது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆலயங்களும் வேட்பாளரை அழைக்கும்போது, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், போக்குவரத்து, வாடகை, கல்வி, தாயகம் ஆகிய நான்கு குறித்தும் எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறுவது மூன்றாவது. அந்த விடைகளை அடுத்த தேர்தல்வரை பாதுகாத்து, சொன்னதையும் செய்ததையும் ஒப்பிடுவது நான்காவது. இந்த நான்காவது பணிக்கு இளையோரே பொருத்தமானவர்.

சிவப்போ நீலமோ செம்மஞ்சளோ, எந்த நிறத்தை விரும்புவது என்பது அவரவர் உரிமை. தமிழர் வாக்கு பல நிறங்களில் பிரிந்திருப்பது குறித்து அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு பிரிந்திருந்ததனாலேயே எல்லாக் கட்சிகளும் தமிழரின் கதவைத் தட்டின. கதவைத் தட்டுவோரிடம் கேட்பதற்கு வீட்டுக்குள் கேள்வியும், கேட்ட பின்னர் போடுவதற்கு வாக்கும் இருக்கவேண்டும். ஒன்ராறியோவின் நகரசபைத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒக்ரோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை நடைபெறுகிறது. வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ சில நிமிடங்கள் போதும். அன்று அம்மா, அப்பா, அம்மம்மா, பிள்ளைகள் என ஒரே வீட்டிலிருந்து புறப்படுவோர் வெவ்வேறு பெயர்களுக்கு எதிரே புள்ளடி இட்டாலும் குறையில்லை. எவரும் வீட்டிலேயே இருந்துவிடலாகாது.